கடைசிக்காலத்தை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?



புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளைகள் எங்களிடம் முதலில் கேட்பது 666 என்றால் என்ன என்பதைத்தான். மலைப்பிரசங்கத்தைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை! பயம் அவர்களை நேரே வெளிப்படுத்தின விசேஷத்தின் 13ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

நாங்களோ மாற்கு 13ஆம் அதிகாரத்தில் தொடங்கச் சொல்கிறோம். யுத்தச் செய்திகளைக் கேட்டுக் கலங்காதிருக்கச் சொன்ன ஆண்டவர், அந்த நாள் பிதாவுக்கு மாத்திரமே தெரியும் என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். அதன் பின்னும் நாள் குறித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பவர் தானியேல் 8ஆம் அதிகாரத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணினார். அவர் வழி வந்தவர்கள் 1844 ஒக்டோபர் 22இல் கர்த்தர் வருவார் என்று காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்காமலே விட்டார்கள். அந்த நாள் வழமைபோலக் கழிந்தது. அவர்களைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு மனமில்லை. ஆண்டவரைக் காண ஆசைப்பட்டவர்கள்தானே.

அடுத்து தெசலோனிக்கேயர் நிருபங்கள். வருகையைப் பற்றிக் கலங்கிய அந்தச் சபையில் வேலையின்றித் திரிந்தவர்களைப் பவுல் உழைத்துச் சாப்பிடச் சொல்கிறார். பின்பு தானியேல் 7ஆம் அதிகாரம். அதிலுள்ள நான்கு மிருகங்களை அறிந்தால்தான் யோவான் கண்ட மிருகம் விளங்கும். யோவானும் ஆசியாவிலிருந்த ஏழு சபைகளுக்கே எழுதினார். உபத்திரவப்பட்ட சிமிர்னா சபையார் அதை ஆறுதலாகவே கேட்டிருப்பார்கள். நாங்கள் ஏன் நடுங்க வேண்டும்?

திகதி போட்ட துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தால், பிள்ளைகளே, நகையை விற்கவும் வேண்டாம், பரீட்சையை விடவும் வேண்டாம். வேதப்புத்தகத்தோடு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.