நித்தியகல்யாணி

வீட்டு முற்றத்திலும் கோயில் நந்தவனத்திலும் இடுகாட்டின் ஓரத்திலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. பட்டிப்பூ எனவும் இதனை வழங்குவர். நீரூற்றுவார் இல்லாவிடினும் தழைக்கும். ஆடுமாடுகளோ இதன் கசப்பை அஞ்சி விலகும். அக்கசப்பினுள் உயிர்காக்கும் மருந்தொன்று மறைந்திருந்ததை உலகம் அறிந்தது 1958 ஆம் ஆண்டிலேயே.

இச்செடி கதராந்தசு என்னும் சாதியைச் சேர்ந்தது. அச்சாதியில் பல இனங்கள் உள. ஒன்றைத் தவிர, நித்தியகல்யாணி உள்ளிட்ட அனைத்தும் மடகாஸ்கர்த் தீவுக்கு உரியவை. எஞ்சிய ஒன்றாகிய மிளகாய்ப்பூண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் தானே வளர்வது.

வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் மக்கள் நித்தியகல்யாணி இலையை அவித்து நீரிழிவுக்கு அருந்திவந்தனர். 1952 இல் ஜமெய்க்காவிலிருந்து கனடாவுக்கு வந்த சில இலைகள், ரொபர்ட் நோபல் என்னும் ஆராய்ச்சியாளர் கையை அடைந்தன. எலிகளுக்கு இலைச்சாற்றை ஊட்டியபோது குருதியிலுள்ள வெல்லம் குறையவில்லை. சாற்றை ஊசிமூலம் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோயால் மாண்டன. ஏனெனில், நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

தேடியது கிடைக்கவில்லை, ஆயினும் நோபல் அதனைத் தோல்வியெனக் கைவிட்டாரல்லர். வெண்கலங்கள் கட்டின்றிப் பெருகும் குருதிப் புற்றுநோய்க்கு இச்சாறு உதவுமன்றோ என எண்ணினார். சாள்ஸ் பியர் என்னும் இரசாயன அறிஞர் அவருடன் சேர்ந்து, வின்பிளாஸ்டின் என்னும் அற்கலோயிட்டைப் பிரித்தெடுத்தார். அக்காலத்திலேயே அமெரிக்காவின் எலை லிலி நிறுவனத்தாரும் தனித்து ஆராய்ந்தனர். வின்கிறிஸ்டின் அவர்கள் கண்டது. 1963 இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

இவ்வற்கலோயிட்டுக்கள் செயற்படும் விதம் வியப்புக்குரியது. ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது அதனுள்ளே நுண்ணிய கதிர்நார்கள் தோன்றிப் பரம்பரைப் பொருளைச் சமமாகப் பங்கிடும். மருந்து அந்நார்கள் உருவாகாது தடுக்கும். பிரிய இயலாத கலம் மாளும். விரைந்து பிரிவது புற்றுநோய்க் கலமாதலின், கேடு பெரிதும் அதற்கே. எனினும் நலமுள்ள கலங்களும் தப்புவதில்லை. முடி உதிரும், நரம்பு நலியும்.

குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிதாயிருந்த காலம் ஒன்றிருந்தது. வின்கிறிஸ்டினும் பிற மருந்துகளும் சேர்ந்து, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் அக்குழந்தைகளுட் பெரும்பாலோரை இன்று காக்கின்றன.

இதனைக் கேட்டு, முற்றத்துச் செடியைப் பறித்துக் கஷாயமாக்கி அருந்துதல் பெருந்தவறாகும். ஒரு கிராம் வின்பிளாஸ்டினைப் பெறச் சுமார் 500 கிலோகிராம் காய்ந்த இலை வேண்டும். இலையிலோ வேறு பல அற்கலோயிட்டுக்களும் கலந்துள்ளன. அவற்றின் அளவை அடுப்பங்கரையில் எவரால் அளத்தல் கூடும்? மருத்துவரும் வின்கிறிஸ்டினை நாளத்தினுள் மட்டுமே, மில்லிகிராம் கணக்கில் செலுத்துவர். முள்ளந்தண்டினுள் தவறிச் செலுத்தினால் உயிருக்கே இறுதியாகலாம்.

முன்னோர் கைமருந்து இகழத்தக்கதன்று, ஆராயாது ஏற்கத்தக்கதுமன்று. நீரிழிவுக்கென்று தொடங்கிய ஆராய்ச்சி, எலிகள் மாண்ட காரணத்தைப் பொறுமையோடு வினவியதாலன்றோ குழந்தைகளுக்கு உயிரளித்தது!