மெல்லப் பதியும் ஒளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஏலூர் உத்யோகமண்டலில் வாழ்கின்றோம் என்றால், ஊரிலுள்ள உறவினர் சிலர், “உதகமண்டலமோ?” என வினவுவதுண்டு. அந்த உதகமண்டலத்திலும் ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து வந்தது. இன்று அது இயங்கவில்லை. ஆயினும் அத்தகைய பிலிமில் பதிந்த முகங்கள் நம் பெட்டிகளில் உள்ளன. அவற்றைப் பற்றியே யாம் பேச விழைகின்றோம்.

பிலிமின் மேற்பூச்சு, ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பின் படிகங்களால் ஆயது. ஒளி பட்ட படிகம் டெவலப்பரில் கரிய வெள்ளித் துகளாகும். படிகம் பெரிதாயின் சிறிது ஒளியே போதும். ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் மணல் தூவியதுபோல் தோன்றும். படிகம் மிகச் சிறிதாயின் மயிரிழையும் தெளிவாகும். ஒளியோ மிகுதியாக வேண்டும். 400 வேகப் பிலிமைவிட 25 வேகப் பிலிமுக்கு 16 மடங்கு ஒளி தேவை.

எக்ஸ்பிரஸ் வண்டியில் விரைவோர் சிற்றூர் நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்தல் அரிது; பாசஞ்சர் வண்டியிலோ ஒவ்வோர் ஊரையும் காணலாம். இரயில்வே எழுத்தர்களாகிய எமக்கு இரண்டின் பயனும் தெரியும்.

மெல்லப் பதியும் நுண்மையுடன் பரப்பும் சேர்ந்தால் பயன் பெருகும். 8 அங்குலத்துக்கு 10 அங்குலத் தாள் பிலிம், 35 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு கட்டத்தைவிடப் பரப்பில் ஏறத்தாழ 60 மடங்கு. பெரிதாக்காமலே, தாளோடு தாள் ஒட்டி அச்சிடலாம்.

பிலிம் தோன்றுமுன்பே இதற்குச் சான்றுண்டு. 1858இல், சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளைப் பெரிய காகித நெகடிவ்களில் பிடித்தார். காகித நார் நுட்பத்தைச் சற்றுக் குறைத்தபோதிலும், நெகடிவின் அளவு அதனை ஈடுசெய்தது. 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமாக அவர் அமைத்த அப்படம் இன்றும் உள்ளது.

பின்னர்க் கண்ணாடித் தகடும் தாள் பிலிமும் வந்தன. ஸ்டூடியோவில் நம் பாட்டனார் இமையாது, அசையாது அமர்ந்தது இந்த மெதுவான பூச்சுக்காகவே. அந்தப் பெரிய நெகடிவில் புடவைக் கரையும், அட்டிகையின் வேலைப்பாடும் அப்படியே இருக்கும். மங்கிய சிறு படத்தில் தோன்றாதது அதில் கிடைக்கும். செல்பேசியில் படத்தை நகலெடுத்துவிட்டோம் என்று நெகடிவை எறிவது, விதைநெல்லைக் குப்பையில் கொட்டுவதாகும் அன்றோ?

பெரியாற்றங்கரையில் ஈரம் மிகுதி. ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை வேண்டா. ஒவ்வொன்றையும் தனிக் காகித உறையிலிடுக. கண்ணாடித் தகடுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்க. வெயிலும் ஈரச் சுவரும் அண்டாத அலமாரியே ஏற்றது. உறையினுள் இடுமுன், யார், எவ்வூர், எந்த ஆண்டு என்று அவ்வுறைமீது பென்சிலால் எழுதுக.

வெள்ளி உருவத்தைக் காக்கும், பெயரைக் காக்காது. பெயர் சொல்லத் தெரிந்த பாட்டிமார் நம்மிடையே இருக்கும்போதே, அருகமர்ந்து கேட்டு எழுதிக்கொள்வீர்களாக.