விடுபட்ட ஒரு வரி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர். நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தப்பு எங்கே நடந்தது என்று தேடுவதுதான் வேலை. ஆனால் இன்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் நடக்கும் பட்டிமன்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலை ஷிப்ட் பஸ் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி நினைவிடத்தைத் தாண்டித்தான் போகும். உடனே யாராவது தொடங்கிவிடுவார்கள். "பின்னால இருந்தது வேற ஆளுங்கப்பா" என்பார் ஒருவர். "உண்மை எல்லாம் வெளியே வருமா சார்?" என்பார் இன்னொருவர். 1991 மே 21 இரவு நடந்ததற்கு ஆளுக்கொரு கதை. அன்று பிறந்தே இராத பையன்கள்கூட நேரில் பார்த்த மாதிரி பேசுவார்கள்.

நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஆதாரம் இருக்கிறதே, பிறகென்ன என்று நினைப்பேன். குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா உடையாமல் கிடைத்தது. அந்தப் படங்களில் மாலையோடு நின்ற தாணுவும் இருந்தார், சிவராசனும் இருந்தார். சிதறிக் கிடந்த துண்டுகளை ஆராய்ந்து, குண்டு உடம்பிலேயே கட்டப்பட்டிருந்தது என்று தடயவியல் அறிஞர் பி.சந்திரசேகரன் காட்டினார். 1998-ல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999-ல் உச்ச நீதிமன்றம் 4 பேருக்குத் தூக்கு, 3 பேருக்கு ஆயுள் என்று சொல்லி, மற்ற 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

பிறகு ஏன் சந்தேகம் தீரவில்லை? பெரிய சதியை விசாரிக்க என்று 1998-ல் அமைத்த பல்துறைக் கண்காணிப்புக் குழு 2022-ல்தான் கலைக்கப்பட்டது. அரசாங்கமே 24 வருடம் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், பஸ்ஸில் வருகிறவர் பேசத்தானே செய்வார்?

இன்னொன்றும் உண்டு. பேரறிவாளன் கைதானபோது வயது 19. மின்னணுவியலில் டிப்ளமோ படித்தவர். தம்பிகளே, ஏறக்குறைய உங்கள் வயதுதான். இரண்டு 9 வோல்ட் பாட்டரி வாங்கித் தந்தார் என்பது அவர் மேல் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி.தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013-ல் ஓர் உண்மையைச் சொன்னார். எதற்காக அந்தப் பாட்டரி என்று தனக்குத் தெரியாது என்றும் பேரறிவாளன் சொன்னாராம்; அதை மட்டும் இவர் எழுதவில்லையாம். 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. குற்றமற்றவர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வரி முதலிலேயே தாளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி நிற்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் விரல் பிரஸ்ஸில் சிக்கியது. விசாரணை அறிக்கை எழுதியவன் நான். "சென்சார் நாலு நாளா சரியில்லன்னு சொல்லிட்டேதான் சார் இருந்தேன்" என்றார் அவர். எழுதினேன். மேலே இருந்து அந்த வரி அடிபட்டு வந்தது. 'ஆபரேட்டரின் கவனக்குறைவு' என்று முடித்து, கையெழுத்தும் போட்டேன்.

ஒரே வாரத்தில் கேன்டீன் முழுக்கக் கதை. சென்சாரை வேண்டுமென்றே பிடுங்கினார்கள், கேமராப் பதிவை அழித்தார்கள் என்று. அந்தப் பக்கம் கேமராவே கிடையாது! ஆனால் நான் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஒரு வரியை மறைத்தவன் பேச்சு எடுபடுமா? இரண்டு மாதம் கழித்து, அந்த வரியைச் சேர்த்துத் திருத்திய அறிக்கை கொடுத்தேன். அவருக்கு நஷ்டஈடு கூடிற்று. எனக்கு அந்த வருடம் பதவி உயர்வு இல்லை. அவருக்கு விரல் திரும்ப வரவில்லை.

இப்போது பஸ்ஸில் நான் தூங்குவதில்லை. "இது படத்தில் இருக்கிறது, இது தீர்ப்பில் இருக்கிறது, இதற்கு ஆதாரம் இல்லை" என்று பிரித்துச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் அறிக்கை எழுதுவீர்கள். எதிரில் நிற்பவர் சொன்னதை முழுசாக எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து எழுதுங்கள்.