திருவைந்தெழுத்தும் உயிரின் நிலையும்



மந்திரம் என்னும் சொல்லுக்கு, நினைப்பவரைக் காப்பது என்று பொருளுரைப்பர் வடநூலார். சொல்லியது தப்பாது பயன்தரும் சான்றோர் வாக்கே மந்திரம் என்பது தொல்காப்பியர் கருத்து. இவ்விரண்டும் முற்றப் பொருந்துவது திருவைந்தெழுத்து ஒன்றற்கேயாம் என்பது சைவர் துணிபு.

இதன் பிறப்பிடம் யாது? கிருஷ்ண யசுர் வேதத்துத் தைத்திரீய சங்கிதையின் ஏழு காண்டங்களுள் நடுவணது நான்காங் காண்டம். அதன்கண் உள்ள திருவுருத்திரத்தின் எட்டாம் அநுவாகத்தில் இம்மந்திரம் விளங்குகின்றது. திருக்குற்றாலத்தையும் குறும்பலாவையும் பாடிய ஆளுடைய பிள்ளையார், இதற்கென இரண்டு பதிகங்கள் அருளினார். ஒன்று உபநயனத்தின்போது சீகாழியில், மற்றொன்று திருமணத்தின்போது நல்லூர்ப் பெருமணத்தில்.

இனி, பொருள் காண்போம். சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம், மகரம் மலம். சிவாயநம என்று ஓதுங்கால் யகரம் நடுவே நிற்கின்றது. ஒருபால் சிவமும் அருளும்; மறுபால் திரோதமும் மலமும். உயிர் எப்பால் நோக்குகின்றதோ அப்பாலதன் வண்ணமே ஆகும். நகர மகரங்களை நோக்கின், யான் செய்தேன், எனது பொருள் என்னும் செருக்கு மிகும். வகரத்தை நோக்கின், அவ்வருளே சிவத்திற் சேர்க்கும். ஆதலின் சிகரத்தை முன்வைத்து ஓதுக என்றார் உமாபதி சிவனார், திருவருட்பயனில்.

இதற்குத் தென்காசியிலேயே சான்றுண்டு. 15ஆம் நூற்றாண்டில் காசிவிசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தன் பெருமையை மட்டும் கல்லில் பொறித்தானல்லன். பிற்காலத்தே கோயிலுக்குக் குறை நேருமாயின் அதனைக் களைந்து காப்பவர் எவராயினும் அவரைத் தான் இன்றே வணங்குவதாகவும் பொறித்தான். முடிமன்னன் முகமறியாத் தொண்டர்க்குத் தலைதாழ்த்தினான்! யகரம் வகரத்தை நோக்கிய நிலை இதுவன்றோ? சிதைந்து கிடந்த இராசகோபுரம் 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்தது. அதற்குப் பொன் கொடுத்தார்க்கும் கல் சுமந்தார்க்கும் அவ்வணக்கம் ஒருபடித்தாகவே உரியது.

செபிக்கும் முறை மூன்று. பிறர் செவியிற் படுவது வாசகம். தன் செவிக்கே கேட்பது உபாஞ்சு. நா அசையாது நெஞ்சால் எண்ணுவது மானதம். குற்றாலத்து அருவி முழங்கி வீழ்கின்றது. அந்நீரே சிற்றாறாய்த் தென்காசி வழியே அடங்கி ஓடுகின்றது. பின் மண்ணுள் ஊறி ஓசையின்றிப் பயிரின் வேரை அடைகின்றது. செபமும் அவ்வாறே முழக்கத்தில் தொடங்கி மோனத்தில் பயன்தரும். இம்முறையைக் குருமுகமாகப் பெறுதலே மரபு.

குடமுழுக்குக்குப் பொருள் உதவிய அன்பர்காள்! கலச நீர் விமானத்தை நனைத்தது. நும் பெயர் கல்லில் இருக்கலாம். நெஞ்சில் இருக்கவேண்டியது ஐந்தெழுத்தே. நாளும் சிறிது பொழுதேனும் அமர்ந்து அதனை எண்ணுமின். அதுவே திருப்பணியின் நிறைவாகும்.

திருச்சிற்றம்பலம்.