சேவலைப் பாடியவர்களும் அளகைப் பார்த்தவர்களும்



தமிழ் இலக்கியத்தில் கோழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சேவல்கள். முருகன் கொடியில் நிற்பது சேவல். யானையை எதிர்த்து வென்றதாகச் சொல்லப்பட்டு உறையூருக்குக் 'கோழி' என்னும் பெயரை ஈட்டித் தந்ததும் போர்க்குணம் வாய்ந்த பறவையே. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி சேவல் கூவக் கேட்டு நெஞ்சு துணுக்குறுகிறாள். மதுரைக் கண்ணனாரின் தலைவியோ, உறக்கத்தைக் கலைத்த சேவல் காட்டுப்பூனைக்கு இரையாகட்டும் என்று சபிக்கிறாள். குப்பைமேட்டில் தாமே பொருது தாமே ஓயும் கோழிகளை உவமையாக்கிய புலவருக்குக் குப்பைக்கோழியார் என்பதே பெயராயிற்று. கொடிக்கும் போருக்கும் விடியலுக்கும் சேவல் வேண்டியிருந்தது. பெட்டைக்கு அத்தகைய பணி எதுவும் இல்லை.

பெயர் மட்டும் இருந்தது. கோழியின் பெண்ணினத்தை 'அளகு' எனல் வேண்டும் என்று தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. கூகைக்கும் அப்பெயர் உரியது, மயிலுக்கும் வருவதுண்டு. பசுவுக்கும் மானுக்கும் பொதுப்பெயர்களைப் பங்கிட்டுக் கொடுத்த இலக்கணம், முற்றத்துக் கோழிக்கெனத் தனிச்சொல் ஒன்றைக் காத்து வைத்தது வியப்புக்குரியது. அச்சொல் வழக்கொழிந்து, இன்று அகராதியில் அடைகாத்துக் கொண்டிருக்கிறது.

அளகைப் பார்த்துப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். பரத்தையிடமிருந்து மீளும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கும் பாட்டு அது. மாலை நேரத்தில் காட்டுப்பூனை வருகிறது. வீட்டிலேயே வாழும் குட்டைக்கால் பெட்டை, ஒதுங்கும் இடம் அறியாமல், சிதறிக் கிடக்கும் குஞ்சுகளைக் கூட்டிக்கொள்ளத் துன்பக் குரல் எழுப்புகிறது. உவமையாக வந்த இக்காட்சியில் வேளை, பகை, காலின் அளவு, குரலின் தன்மை ஆகிய நான்கும் பிழையின்றி அமைந்துள்ளன. தெருவோடு போகிறவர் கண்ணுக்கு இது படாது. அந்திப்பொழுதில் கோழி அடைக்கும் வேலையைச் செய்தறிந்தவரே இதை எழுதியிருக்க முடியும்.

2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். குஞ்சுகளின்மீது மெல்லக் காற்றை ஊதி இறகைக் கலைத்தனர். தாய்க்கு எதுவும் செய்யவில்லை. ஆயினும் பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத் துடிப்பு மிகுந்தது. குஞ்சுகளை நோக்கிய அழைப்புக் குரலும் கூடியது. மாசாத்தியாருக்குக் கருவிகள் தேவைப்படவில்லை.

முட்டைக்கும் கறிக்கும் என்றில்லாமல், அன்பின் பொருட்டே கோழி வளர்க்கும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. அதற்குப் பெரிதும் ஏற்றதாகக் கொள்ளப்படுவது 'பேண்டம்' எனப்படும் சிறுகோழி. சாவகத்தின் மேற்கே உள்ள பாந்தன் என்னும் மிளகுத் துறைமுகத்தின் பெயரே அதற்கு அமைந்தது. 1596-இல் டச்சுக் கப்பல்கள் அங்கு வந்தடைந்தன. பின்னர் ஆங்கிலேயரும் வந்தனர். அத்துறையில் ஐரோப்பிய மாலுமிகள் கண்ட சிறுகோழிகளால் ஊர்ப்பெயர் பறவைப் பெயராயிற்று என்பர். பெருங்கோழியின் எடையில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் இதன் எடை. பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். இங்கும் சேவலே முந்திக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். உருவில் சிறிதாயினும் சினத்தில் பெரிதான பேண்டம் சேவலை நினைத்தே குத்துச்சண்டையில் ஓர் எடைப்பிரிவுக்குப் 'பேண்டம் வெயிட்' என்று பெயரிட்டனர். பெட்டையின் சாந்தத்தை நினைத்து எவரும் எதற்கும் பெயரிட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சாந்தமோ எளிதில் கிட்டுவதன்று. நாய் ஓடிவந்து குழையும். பூனை உரசிச் செல்லும். கோழி அஞ்சும் குலத்துப் பறவை. மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்தே. ஆகவே நின்றபடி குனிந்து பிடிக்க முயல்பவரைக் கண்டால் அது சிதறி ஓடும். தரையில் அமர்ந்து, கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் நீட்டினால், சில நாட்களில் அருகே வரும்; பின்னர் உள்ளங்கைத் தானியத்தைக் கொத்தும்; அதன்பின் ஒரு நாள் மடியில் ஏறி அமரும். தன் உயரத்தை விட்டுக் கொடுக்காத மனிதரை அது ஏற்பதில்லை. காலெல்லாம் இறகு மூடிய பெக்கின் இனமும், பட்டுநூல் போன்ற மென்தூவியும் கருந்தோலும் உடைய சில்க்கி இனமும் இவ்வகையில் மிகவும் இணக்கமானவை என்று வளர்ப்போர் போற்றுவர். இரண்டும் அடைகாப்பதில் விடாப்பிடியானவை. கீழே முட்டை இல்லாவிடினும் நாள்கணக்கில் அமர்ந்திருக்கும். வாத்து முட்டை வைத்தாலும் ஏற்கும். பொரிந்த குஞ்சுகள் நீரில் இறங்கும்போது கரையில் நின்று பதறும்.

அமெரிக்கச் சிறுகதையாசிரியர் பிளானரி ஓ'கானர் (1925–1964) இலக்கிய உலகுக்கு அறிமுகமாகும் முன்பே ஒரு பேண்டத்தினால் திரைக்கு அறிமுகமானவர். ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் ஐந்தாறு வயதுச் சிறுமியாக இருந்தபோது அவரிடம் கொச்சின் வகைப் பேண்டம் ஒன்று இருந்தது. அது முன்னோக்கியும் நடக்கும்; பின்னோக்கியும் நடக்கும். அதைக் கேள்வியுற்ற பாத்தே செய்திப்பட நிறுவனம் படமெடுப்போரை அனுப்பியது. 1932-இல் அப்படம் வெளிவந்தது. பள்ளி நாட்களில் தையல் கற்றவர், தம் சாம்பல்நிறப் பேண்டத்துக்குப் பின்னல் கழுத்துப்பட்டையும் இரண்டு பொத்தான்களும் வைத்த வெண்ணிற மேலங்கி தைத்து அணிவித்தார். இவற்றை 1961-இல் எழுதிய கட்டுரையில் நகைச்சுவை ததும்ப அவரே பதிவு செய்துள்ளார். லூப்பஸ் என்னும் நோயினால் தாயின் பண்ணைக்குத் திரும்ப நேர்ந்து, ஊன்றுகோல்களின் துணையால் நடக்கும் நிலை வந்தபோதும் பறவைகளை அவர் விடவில்லை; பின்னாளில் மயில்கள் அவ்விடத்தை நிறைத்தன. அவர் கதைமாந்தர்மீது விழும் இரக்கமற்ற, ஆனால் வெறுப்பற்ற பார்வை இம்முற்றத்தில் பழகியதோ என்று எண்ண இடமுண்டு. கோழியை நேசிப்பவர் அதனை உயர்த்திப் பாட வேண்டியதில்லை. அது உயர்ந்த பறவையன்று.

நார்வே நாட்டவரான தோர்லீப் ஷெல்டெரப்-எப்பேயும் சிறுவயதிலேயே கோழிகளோடு பழகியவர். ஒவ்வொன்றையும் முகம் அறிந்து, எது எதைக் கொத்துகிறது, எது எதற்கு விலகுகிறது என்று குறித்து வந்தார். கொத்தும் உரிமையில் கோழிக் கூட்டத்துக்குள் ஒரு படிநிலை உண்டு என்பதை 1920களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்டார். இன்று அலுவலக மேலதிகாரம் பற்றிப் பேசுவோரும் அச்சொல்லைக் கையாள்கின்றனர். 'கோழிகள்' என்று மொத்தமாகப் பார்த்த கண்ணுக்கு அது புலப்பட்டிராது. தனித்தனியே அறிந்த கண்ணுக்குப் புலப்பட்டது.

இதற்கு மறுபுறம் ஒன்றுண்டு. நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளில், கம்பிக் கூண்டுகளில் வாழும் முட்டைக்கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டைவரை இடுகிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதில் முட்டை குறையத் தொடங்கும்போது கறிக்காக விற்கப்படுகிறது. அங்கு எந்தக் கோழிக்கும் பெயரில்லை, இருக்கவும் இயலாது. ஏழை எளியவரின் தட்டுக்கு முட்டை வருவது அவ்வழியில்தான் என்பதால் அதனை எளிதாகப் பழித்துவிடவும் முடியாது. ஆனால் அந்தக் கூண்டில் இருப்பதும் மாசாத்தியார் பாடிய அளகுதான். மேற்குத்தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தே மஞ்சள் காலுக்குரிய மரபுக்கூறு வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-இல் சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் வெளியிட்டனர். கூண்டுக் கம்பியை நாளெல்லாம் பற்றி நிற்கும் கால்களிலும் நம் மலையின் மஞ்சள் இருக்கிறது.

பேண்டம் வளர்ப்போரையும் இதே வினா ஒரு நாள் எதிர்கொள்கிறது. ஆண்டுக்கு நூறளவில் சிறு முட்டைகள் இட்ட பெட்டை, சில ஆண்டுகளில் குறைத்து, பின்னர் நிறுத்திவிடும். அதன்பின்னும் அது உயிர்வாழும்; எட்டு, பத்து ஆண்டுகள் வாழ்வது அரிதன்று. இவ்விலக்கிய வட்டம் தொடங்கிய ஆண்டில் பொரித்த பேண்டம் ஒன்று இருக்குமாயின், இன்று அது முதுமையின் எல்லையில் இருக்கும். தீனிச் செலவு உண்டு, வரவு இல்லை. அப்போதுதான் அது வீட்டில் யாராக இருந்தது என்பது தெரியவரும். பயனுக்காக என்று தொடங்கியவர் பலர் அந்நாளில் கத்தியை எடுக்க முடியாமல் நின்றதுண்டு. அன்புக்காக என்று தொடங்கியவர் சிலர் சந்தைக்குக் கொடுத்தனுப்பியதும் உண்டு.

முதிய பெட்டையின் நாள் மெதுவாகச் செல்கிறது. படிநிலையில் அது கீழே இறங்கிவிட்டது. இளையவை தீனித் தட்டிலிருந்து விரட்டும். எனவே அதற்குத் தனியே ஒரு கிண்ணம் வைக்க வேண்டும். நோயை மறைக்கும் இயல்புடையதாகையால், இறகு சிலிர்த்து ஒடுங்கி நிற்கிறதா என்று காலையும் மாலையும் பார்க்க வேண்டும். நண்பகலில் வெயில் விழும் மூலையில் புழுதியைக் கிளறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிறகை விரித்துக் கண் மூடிக் கிடக்கும். அந்தி வந்ததும் மற்றவற்றுக்குப் பின்னால், தானே நடந்து கூட்டை அடையும். மேலேறும் வலு இல்லாததால் வாசலருகே நின்று மெல்லக் குரல் கொடுக்கும். வளர்ப்பவர் அதைக் கையில் ஏந்தி உள்ளே வைக்கிறார். எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிடுகிறார். மறுநாள் படுக்கைக் கழியை ஒரு சாண் இறக்கிக் கட்டுகிறார்.