கம்பனி செய்யாத செயலி

நடுவர் அவர்களே! கம்பனி தராத அரட்டைச் செயலியைக் கணினியில் ஏற்றுகிறவன் வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுக்கிறான் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். சாவி என்று வந்துவிட்டதால், பூட்டைச் செய்தது யார் என்று பார்த்துவிடலாம்.

கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியில் கொமியூனிகேஷன் கடைகளும் நெட் கஃபேக்களும் நிறைந்திருந்த போர்க்காலம். ரொறன்ரோவில் அண்ணன், லண்டனில் மாமி, பாரிஸில் மச்சாள். ஒருவர் யாகூவில், ஒருவர் எம்.எஸ்.என்னில், மற்றவர் 2005இல் வந்த கூகுள் டோக்கில். யாகூக்காரர் கூகுள்காரரோடு கதைக்க முடியாது. மூன்றையும் ஒரே ஜன்னலில் திறந்து தர அந்த மூன்று கம்பனிகளில் எதற்கும் மனம் வரவில்லை. தந்தது கெய்ம். ஏ.ஓ.எல். அரட்டையை லினக்ஸ் கணினியில் பயன்படுத்துவதற்காக மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் 1998இல் எழுதத் தொடங்கிய செயலி அது. பெயர் விஷயத்தில் ஏ.ஓ.எல். கொடுத்த நெருக்கடியால் 2007இல் அது 'பிட்ஜின்' ஆயிற்று. பெயரை மாற்றச் சொன்ன கம்பனியின் அரட்டைச் சேவை 2017 டிசம்பரில் மூடப்பட்டது. பிட்ஜின் இன்றும் இருக்கிறது.

எதிரணிக்குப் பிடித்த சொல் பாதுகாப்பு. வீதிக்கு வீதி சோதனைச்சாவடி நின்ற கொழும்பில், எதை எழுதலாம், எதை எழுதாமல் விடலாம் என்று தமிழ் வீடுகளில் யோசித்து யோசித்துத்தான் தட்டச்சு செய்தார்கள். யாகூவிலும் எம்.எஸ்.என்னிலும் அனுப்பியது கம்பனியின் சேவையகத்தில் வாசிக்கக்கூடிய எழுத்தாகவே போய் இறங்கியது. கெய்முக்கோ 2004இலேயே ஒரு பூட்டு கிடைத்தது. நிகிடா போரிசோவ், இயன் கோல்ட்பர்க், எரிக் புரூவர் மூவரும் உருவாக்கிய ஓ.டி.ஆர். என்ற மறையாக்க முறை, கெய்மில் செருகிக்கொள்ளும் துணைநிரலாக வந்தது. இரண்டு முனையிலும் அதைப் போட்டுக்கொண்டால், நடுவில் நிற்கும் யாகூவுக்கே ஒன்றும் விளங்காது. எத்தனை பேர் போட்டார்கள் என்பது வேறு கதை. அந்த ஓ.டி.ஆரின் யோசனைகளை எடுத்து வளர்ந்ததே சிக்னல் நெறிமுறை. வட்ஸ்அப் அதைத் தன் பயனர் எல்லோருக்கும் முழுமையாகக் கொடுத்தது 2016 ஏப்ரலில். பன்னிரண்டு வருடம் பிந்தி!

இன்னொன்று. யாகூ மெசஞ்சர் 2018 ஜூலை 17இல் மூடப்பட்டது. பழைய உரையாடலை இறக்கி எடுத்துக்கொள்ளச் சில மாத அவகாசம் கொடுத்தார்கள். கடவுச்சொல் மறந்தவருக்கும், இறந்துபோனவரின் பிள்ளைக்கும் அந்த அவகாசம் எதற்கு? பிட்ஜினில் பதிவை இயக்கி வைத்திருந்தவருக்கு இந்தக் கவலை இல்லை. அப்பாவோடு பேசியது, சாதாரணக் கோப்பாகத் தன்னுடைய கணினியிலேயே கிடக்கும்.

எதிரணி தூக்கிக் காட்டிய எஃப்.எம். வட்ஸ்அப் விவகாரம் உண்மைதான். 2021இல் அதன் ஒரு பதிப்புக்குள் டிரியாடா என்ற தீநிரல் இருந்ததைக் கஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. ஆனால் அது வட்ஸ்அப்பை யாரோ மாற்றியமைத்து, மூலநிரலைக் காட்டாமல் சுற்றுக்கு விட்ட கைத்தொலைபேசிச் செயலி. எவரும் திறந்து வாசிக்கக்கூடிய பிட்ஜினை அதோடு ஒரே கூண்டில் ஏற்றுவது நியாயமா? வெளியார் செயலியை எல்லாக் கம்பனிகளும் வெறுப்பதுமில்லை: டெலிகிராம், அதை எழுதுவதற்குத் தானே வழி திறந்து வைத்திருக்கிறது.

இனி இன்றைய கணக்கு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியோடு கொட்டாஞ்சேனையில் கடை நடத்தும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் புதியது வாங்கக் காசு இல்லை, லினக்ஸ் போடுகிறார். வாடிக்கையாளர் எல்லோரும் வட்ஸ்அப்பில். லினக்ஸுக்கென்று வட்ஸ்அப் இன்றுவரை ஒரு செயலி செய்யவில்லை. உலாவியில் திறக்கலாமே என்பார்கள். திறக்கலாம், இருபது பக்கங்களுக்கு நடுவே அது எங்கே என்று தேடவும் செய்யலாம். ஃபெர்டியம் என்ற திறந்தமூலச் செயலி, வட்ஸ்அப்பின் சொந்த வலைப்பக்கத்தையே தனி ஜன்னலில், டெலிகிராமுக்கும் ஜிமெயிலுக்கும் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறது. செய்தி வந்தால் அறிவிக்கிறது. இலவசம்.

அது வேண்டாமென்றால், அந்தக் கடைக்காரருக்கு எந்த அதிகாரபூர்வச் செயலியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் பெயரோடு சொல்லட்டும், நடுவர் அவர்களே.