ஆஞ்சியோ எடுக்கச் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

(நமது குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆண்டு என் மைத்துனருக்குக் காலில் ரத்தக்குழாய் அடைப்பு. சர்க்கரையும் உண்டு, கிரியேட்டினினும் அதிகம். அப்போது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. அதற்காகத்தான் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களும், முன்பு இதே மருந்தால் கடும் அலர்ஜி வந்தவர்களும்தான் யோசிக்க வேண்டும். மீன், இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மட்டும் இந்த மருந்து ஆகாது என்று பயப்பட வேண்டாம்.

மாற்று வழிகள் என்னென்ன?

ஒன்று, டாப்ளர் ஸ்கேன். ஊசியே கிடையாது. கால், கழுத்து ரத்தக்குழாய்களுக்கு முதலில் இதைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டு, எம்.ஆர். ஆஞ்சியோ. மூளை, கழுத்துக் குழாய்களை மருந்தே இல்லாமலும் எடுக்க முடியும். தேவைப்பட்டால் காடோலினியம் என்ற மருந்து போடுவார்கள். அதில் சில வகைகள், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகும் நோயைக் கொண்டுவந்தன. இந்தத் தொடர்பு 2006இல் தெரியவந்தது. இப்போது அதிகம் பயன்படும் வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

மூன்று, கார்பன் டை ஆக்சைடு. நாம் மூச்சில் வெளியே விடும் அதே வாயு. குழாய்க்குள் ரத்தத்தை ஒதுக்கித் தள்ளுவதால் படத்தில் வழி தெரிகிறது. பிறகு ரத்தத்தில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறிவிடும். அலர்ஜி இல்லை, சிறுநீரகத்துக்கும் கெடுதல் இல்லை. ஆனால் கால், வயிற்றுப் பகுதிக்கு மட்டும்தான். இதயத்துக்கும் மூளைக்கும் போகும் தமனிகளில் செலுத்தக் கூடாது. இதய ஆஞ்சியோவுக்கு இன்றும் அயோடின்தான். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்தின் அளவைக் குறைத்து, தேவையானால் சலைன் ஏற்றிச் செய்கிறார்கள்.

மாற்று என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. 1930களில் தோரோட்ராஸ்ட் என்ற மருந்து பரவலாக வந்தது. படம் அருமையாக விழுந்தது, உடனே தொல்லையும் இல்லை. ஆனால் அதிலிருந்த கதிரியக்கத் தோரியம் கல்லீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோயாக வந்தது. வரவை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்தால் இப்படித்தான்.

ஆகவே, ஆஞ்சியோ என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என் சிறுநீரகத்துக்கு இந்த மருந்து தாங்குமா? டாப்ளரிலேயே விஷயம் தெரிந்துவிடுமா? என் விஷயத்தில் வேறு வழி உண்டா? மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள். சிலருக்கு இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். மாரடைப்பு வந்த நேரம் இந்தக் கேள்விகளுக்கான நேரம் அல்ல. அப்போது டாக்டர் சொல்வதைத் தாமதிக்காமல் செய்யுங்கள்.

கணக்குக்கு நாமினி எழுதி வைக்கிறோம் அல்லவா? அதுபோல கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின், அலர்ஜி, சாப்பிடும் மாத்திரைகள் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.